பெறுபேறு வரும் நாளில் வீட்டில் உண்மைக்கு இடம் உண்டா?

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழா என்றால் வாழ்த்தும் பாராட்டும் நிறைந்திருக்கும். இந்த மலரிலும் அவை போதிய அளவு இருக்கின்றன. வைத்தியர்கள், பொறியியலாளர்கள், சட்டத்தரணிகள், அதிபர்கள் என்று நம்மவர் பட்டியல் பல பக்கங்களுக்கு நீள்கிறது. அதைப் பார்த்து நாம் மகிழ்கிறோம். ஆனால் சங்கத்தின் சார்பில் இன்று பேச நாம் எடுத்துக்கொண்ட விடயம் சற்றுக் கனமானது. பிள்ளை வெற்றிபெற வேண்டும் என்று குடும்பம் கொடுக்கும் அழுத்தம் எப்படிப் பொய்யாக மாறுகிறது, அந்தப் பொய் சில வீடுகளில் எப்படி வன்முறையில் போய் முடிகிறது என்பதே அது. விழா மேடையில் இதைப் பேசலாமா என்று சிலர் கேட்டார்கள். பழைய மாணவிகளும் பெற்றோரும் இந்நாள் மாணவிகளும் ஒன்றாக அமர்ந்திருக்கும் சந்தர்ப்பம் இதைவிட்டால் வேறு எப்போது கிடைக்கும்?

முதலில் இந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இலங்கையில் 1945 இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் நன்மையைப் பெறவில்லை. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிவு என்றுதான் பெரும்பாலான தோட்டங்களில் இருந்தது. 1977 இலிருந்துதான் அந்தப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. நமது கல்லூரியிலும் ஆரம்பத்தில் நகரத்துக் குடும்பங்களின் பெண்பிள்ளைகளே படித்தார்கள். தோட்டத்து லயங்களிலிருந்து பிள்ளைகள் எண்ணிக்கையாக வரத் தொடங்கியது பிற்காலத்தில்தான். அதனால் இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பலர், தம் குடும்பத்தில் சாதாரண தரப் பரீட்சையைத் தாண்டிய முதல் ஆள். சிலர் தம் தோட்டத்திலேயே பல்கலைக்கழகம் போன முதல் பெண்.

முதல் ஆளாக இருப்பது பெருமைதான். அதில் ஒரு சுமையும் இருக்கிறது. உயர்தரம் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு வீட்டின் கணக்கு முழுவதும் தெரியும். அம்மாவின் தோடு எப்போது அடகுக் கடைக்குப் போனது என்று தெரியும். அம்மாயிக்கு வந்த சேமலாப நிதிக் காசில் எவ்வளவு டியூசனுக்குப் போனது என்று தெரியும். அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்று கொழும்பில் கடைக்குப் போனது எதற்காக, அம்மா இரண்டு வருட ஒப்பந்தத்தில் மத்திய கிழக்குக்குப் போனது எதற்காக என்று தெரியும். “நீயாவது இந்த லயத்தை விட்டு வெளியே போ” என்று சொல்லும் தாய் மகளைக் கொடுமைப்படுத்தச் சொல்லவில்லை. இருநூறு வருட வரலாறு அந்த ஒரு வாக்கியத்தில் பேசுகிறது. ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளை அதை எப்படிக் கேட்கிறாள்? இத்தனை பேருடைய கடனையும் ஒரே பரீட்சையில் அடைக்க வேண்டும் என்றுதான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் ‘பேர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று நாம் அழைக்கப்படும் பெயர். மற்றது ஒரு நாள் சம்பளம். கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது நிர்ணயித்த கிலோ இருந்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். அந்தப் பெண் மழையில் நின்றாளா, அட்டைக்கடியோடு நின்றாளா, கொழுந்து குறைந்த மலையில் நின்றாளா என்று தராசு கேட்பதில்லை. நம் தாய்மாரையும் பாட்டிமாரையும் மிகவும் நோகச் செய்த முறை அது. பெறுபேறு வரும் நாளில் அதே தராசை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து பிள்ளையை நிறுத்தால், மூன்று பாடமும் சித்தியடைந்தும் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்கும் மகள் அரைப் பேராகிவிடுகிறாள். அவளுக்கு அது வாயால் சொல்லப்பட வேண்டியதில்லை. அப்பா அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாலே போதும்.

கணக்கையும் ஒருமுறை பார்ப்போம். நாட்டில் வருடம்தோறும் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். அரச பல்கலைக்கழகங்களில் கிடைக்கும் இடங்கள் நாற்பதாயிரத்தை ஒட்டியவை. இடங்கள் பெரும்பாலும் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம் என்று பகிரப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16 இல் அடங்கும். மருத்துவம், பொறியியல் என்று வரும்போது வாசல் இன்னும் ஒடுக்கமாகிறது. எல்லாப் பிள்ளைகளும் இரவு பகலாகப் படித்தாலும் பெரும்பாலானோர் வெளியேதான் நிற்க வேண்டியிருக்கும். சோம்பலால் வரும் தோல்வி கொஞ்சம். இருக்கை இல்லாததால் வரும் தோல்வியே அதிகம். இதை வீட்டில் யாராவது பிள்ளைக்கு எடுத்துச் சொல்கிறோமா?

வாசல் ஒடுங்கியிருக்கும்போது முதலில் பொய் சொல்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள்தான். நம் மாவட்டத்தில் எல்லோரும் அறிந்த உதாரணம் வெளிமாவட்ட மாணவர் பிரச்சினை. படிப்பதும் டியூசன் எடுப்பதும் வசதியான ஊரில், பதிவு மட்டும் வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்தில் என்று செய்வதற்காகக் காட்டப்படும் பொய் முகவரிகளையும் பொய் வரவையும் பற்றி மலையகத்தில் பல காலமாக முறைப்பாடு இருக்கிறது. எந்தப் பாடசாலையில் எத்தனை காலம் படித்தார் என்று பார்க்கும் விதிகள் இருக்கின்றன. அந்த விதிகளைச் சுற்றிப் போக வழி தேடுவது பிள்ளை அல்ல, பிள்ளைக்காகப் பெரியவர்கள். அப்படிப் பறிபோகும் ஓர் இடம் பொகவந்தலாவையிலோ தலவாக்கலையிலோ ஒரு தோட்டத்துப் பிள்ளைக்குப் போயிருக்க வேண்டிய இடம். அந்தப் பொய்யோடு பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கும் முதல் பாடம் வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது: வெற்றி முக்கியம், வழி முக்கியமல்ல.

2024 செப்டெம்பரில் நடந்த தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நாம் மறந்திருக்க மாட்டோம். வினாக்கள் முன்கூட்டியே வெளியாகின. பெற்றோர் வீதிக்கு வந்தார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. பெறுபேறு 2025 ஜனவரியில்தான் வெளிவந்தது. வெளியான மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்கப்பட்டது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பத்து வயதுப் பிள்ளைகள் இதன் நடுவே அகப்பட்டார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு எதிர்பார்க்கை வினா யாருக்குத் தேவைப்பட்டது? பிள்ளைக்கா, பெரியவர்களுக்கா?

தமிழகத்திலும் இதே கதைதான். 2019 செப்டெம்பரில் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த ஒரு மாணவருக்குப் பதிலாக வேறொருவர் மும்பையில் நீட் தேர்வு எழுதியிருந்தது வெளிப்பட்டது. மாணவரும் அவருடைய தந்தையும் கைதானார்கள். தந்தை ஒரு மருத்துவர். விசாரணை தொடர்ந்தபோது இன்னும் சில மாணவர்களும் பெற்றோரும் அகப்பட்டார்கள். அடுத்த வருடம், 27 மதிப்பெண் பெற்ற ஒரு மாணவி 610 பெற்றதாகக் காட்டும் போலிச் சான்றிதழ் சென்னையில் நடந்த மருத்துவக் கலந்தாய்வில் பிடிபட்டது. அங்கும் தந்தை ஒரு பல் மருத்துவர். பசியும் வறுமையும் இவர்களைத் தள்ளவில்லை. வைத்தியர் வீட்டில் வைத்தியரே பிறக்க வேண்டும் என்ற பிடிவாதம்தான் தள்ளியது. ஆக, அழுத்தம் லயத்துக்கு மட்டும் உரியதல்ல. படித்து முன்னேறிய நம் வீடுகளுக்கும் அது வரும். வேறு உடுப்பில் வரும்.

இனிப் பிள்ளை வீட்டுக்குச் சொல்லும் பொய்யைப் பற்றிப் பேசுவோம். கனடாவில் ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரம் நம்மில் பலருக்குப் பழக்கமானது. நம் சங்கத்து அக்காமார் சிலருடைய வீடுகளும் அந்தப் பக்கத்தில்தான். அங்கே 2010 நவம்பரில் நடந்த சம்பவம் உலகம் முழுவதும் பேசப்பட்டது. வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்து தொழிற்சாலையில் உழைத்து முன்னுக்கு வந்த பெற்றோர். அவர்களுடைய மகள் ஜெனிபர் பான். சிறு வயதிலேயே பியானோ, பனிச்சறுக்கு நடனம், படிப்பு என்று எல்லாவற்றிலும் முதலாவதாக வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. உயர்நிலைப் பள்ளியில் புள்ளிகள் சாதாரணமாக வந்தபோது அவள் அறிக்கையைத் திருத்தி எல்லாம் ஏ என்று காட்டினாள். கடைசி வருடத்தில் ஒரு கணிதப் பாடத்தில் தவறியதால் பல்கலைக்கழக இடம் பறிபோனது. அதை வீட்டில் சொல்லவில்லை. போகாத பல்கலைக்கழகத்துக்குப் புத்தகப் பையோடு தினமும் கிளம்பினாள். பிறகு இன்னொரு பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிப்பதாகச் சொன்னாள். பட்டம் பெற்றதாகவும் சொன்னாள். வைத்தியசாலையில் தொண்டு வேலை என்று சொன்னபோதுதான் பெற்றோருக்குச் சந்தேகம் வந்து உண்மை வெளிப்பட்டது. அதன் பின் வீட்டில் கடுமையான கட்டுப்பாடு. கடைசியில் கொள்ளை போல நடித்து ஆயுதத்தோடு ஆட்கள் அந்த வீட்டுக்குள் புகுந்தார்கள். தாய் கொல்லப்பட்டார். தந்தை தலையில் குண்டுபட்டும் உயிர் தப்பினார். ஏற்பாடு செய்தது மகள் என்று 2014 டிசம்பரில் ஜூரி தீர்ப்பளித்தது. தாயின் கொலை தொடர்பான முதல்நிலைக் கொலைத் தீர்ப்பை மீண்டும் விசாரிக்க வேண்டும் என்று மேல்முறையீட்டில் முடிவானது. 2025 இல் கனடாவின் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. தந்தையைக் கொல்ல முயன்ற குற்றத்தீர்ப்பை அது மாற்றவில்லை.

அதே மார்க்கத்தில் 2019 ஜூலையில் இன்னொரு வீடு. பங்களாதேஷிலிருந்து வந்த குடும்பம். பொறியியல் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு வருடக்கணக்காகக் கடைத்தொகுதியில் நேரத்தைக் கழித்த மகன். பட்டமளிப்பு என்று அவன் சொல்லியிருந்த நாள் நெருங்கியபோது பெற்றோர், பாட்டி, தங்கை நால்வரையும் கொன்றான். இப்படி ஒரு மகனைப் பெற்ற வெட்கம் அவர்களுக்கு வரக்கூடாது என்பதற்காகச் செய்ததாக அவன் சொன்னான். வெட்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். தன் குடும்பம் தன்னை இழந்தாலும் தாங்கும், தன் தோல்வியைத் தாங்காது என்று அந்த மகன் எப்படியோ கற்றுக்கொண்டிருந்தான்.

நம் மொழி பேசும் ஊரிலிருந்தும் ஒரு சம்பவம். 2012 பெப்ரவரியில் சென்னை பாரிமுனையில் ஆர்மேனியன் தெருவிலுள்ள பள்ளி ஒன்றில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஆசிரியையை வகுப்பறையிலேயே கத்தியால் குத்திக் கொன்றான். அவன் பாடத்தில் பின்தங்கியிருப்பதைப் பெற்றோர் பார்க்கும் நாட்குறிப்பில் ஆசிரியை எழுதி அனுப்பியிருந்தார். அந்தக் கோபமே காரணம் என்று அவன் சொன்னதாகப் பொலிஸார் அப்போது தெரிவித்தார்கள். ஆசிரியை தன் கடமையைச் செய்தார். நமக்குக் கற்பித்தவர்களும் அதைத்தான் செய்தார்கள். அந்தக் குறிப்பு வீட்டைப் போய்ச் சேர்வது ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு ஏன் அவ்வளவு பெரிய ஆபத்தாகத் தெரிந்தது என்ற கேள்வி மட்டும் பதிலின்றி நிற்கிறது.

வன்முறை எப்போதும் பிள்ளையின் கையிலிருந்து வருவதில்லை. 2025 ஜூனில் மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில், நீட் பயிற்சித் தேர்வில் குறைந்த புள்ளி எடுத்ததற்காகப் பதினேழு வயது மகளைத் தந்தையே அடித்தார். அந்தப் பிள்ளை இறந்துபோனாள். பத்தாம் வகுப்பில் தொண்ணூறு வீதத்துக்கு மேல் எடுத்த பிள்ளை அவள். தந்தை பாடசாலையில் கற்பிப்பவர். அவள் தவறியது உண்மையான பரீட்சையில்கூட அல்ல, பயிற்சித் தேர்வில். யாருக்கும் கேட்காமல் பிள்ளை தன்மீதே திருப்பிக்கொள்ளும் வன்முறையும் உண்டு. பெறுபேறு வரும் வாரங்களில் பத்திரிகையைத் திறக்க நமக்குப் பயமாக இருப்பது அதனால்தான்.

இவற்றை எடுத்துச் சொல்வது பெற்றோரைக் குற்றவாளியாக்க அல்ல. கொலை செய்தவர் கொலைக்குப் பொறுப்பு. கண்டிப்பான பெற்றோரின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. நாம் எல்லோரும் கண்டிப்பான வீட்டிலிருந்துதான் வந்தோம். அந்த வீடுகளில் நடந்தவை மிக அரிதானவை. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த பாதையின் முதல் சில படிகள் அரிதானவை அல்ல. அவை நம் ஊரில், நம் வீடுகளில் தினமும் மிதிபடுபவை.

அந்தப் படிகள் எவை? தவணைப் பரீட்சைத் தாளில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போடுவது முதல் படி. புள்ளியை ஒன்றுக்கு ஏழாக்குவது இரண்டாவது. டியூசனுக்குப் போவதாகச் சொல்லி பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருப்பது மூன்றாவது. இந்த ஒவ்வொன்றின்போதும் பிள்ளை ஒரு கணக்குப் போடுகிறாள்: உண்மையைச் சொன்னால் இன்றே அடி விழும், அல்லது அழுகை, அல்லது ஒரு கிழமை பேச்சில்லை, பொய் சொன்னால் இன்று நிம்மதி. உண்மைக்கு உடனே தண்டனையும் பொய்க்கு உடனே பரிசும் கிடைக்கும் வீட்டில் பிள்ளை எதைத் தெரிவு செய்வாள்? அதோடு பொய்க்குக் கிடைக்கும் பரிசு சிறியதல்ல. அப்பா தோட்டம் முழுவதும் சொல்கிறார். மாமா லண்டனிலிருந்து பணம் அனுப்புகிறார். கோயிலில் அர்ச்சனை நடக்கிறது. இதற்குப் பிறகு உண்மையைச் சொல்வதென்றால் ஒரு பாடத்தின் புள்ளியைச் சொல்வது மட்டுமல்ல. அத்தனை பேரின் சந்தோசத்தையும் திரும்ப வாங்குவது. நாளாக ஆக உண்மையின் விலை ஏறிக்கொண்டே போகிறது. அந்த விலை எந்த நாளில் கட்ட முடியாததாகிறதோ அந்த நாள்தான் ஆபத்தான நாள். அதற்கு முன் ஏதோ ஒரு நாளில், விலை இன்னும் மலிவாக இருந்தபோது, பிள்ளை சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு ஓர் ஆள் இருந்திருந்தால்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பெண்கள் கல்லூரி. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம் என்கிறது விதி. நம் வீடுகளில் மூன்று தடவையும் பெரும்பாலும் மகனுக்குத்தான். மகளுக்கு ஒரு தடவை, வசதியிருந்தால் இரண்டு. தவறினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கொழும்பில் ஆடைத் தொழிற்சாலை, கடைவேலை, அல்லது கல்யாணப் பேச்சு. “படிக்க வைத்தோம், வரவில்லை, இனி ஒரு இடத்தில் பிடித்துக் கொடுத்துவிடுவோம்” என்ற பேச்சு அடுத்த அறையில் நடக்கும். லயத்தில் அடுத்த அறைப் பேச்சு கேட்காமல் இருக்காது. ஒரே தடவை என்று தெரிந்த பிள்ளைக்குப் பெறுபேறு வெறும் பெறுபேறு அல்ல, தீர்ப்பு. அவள் அதை மறைக்க முயல்வதில் ஆச்சரியம் என்ன? மகளுக்கும் இரண்டாம் தடவை உண்டு என்று பெறுபேறு வருவதற்கு முன்பே சொல்லிவைத்த வீட்டில் மறைக்க வேண்டிய தேவை பாதியாகக் குறைந்துவிடும்.

அப்படியானால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லக் கூடாதா என்று பெற்றோர் கேட்பீர்கள். படிக்கச் சொல்ல வேண்டும். படிப்பை விட்டால் மலையகத்துப் பெண்ணுக்கு வேறு என்ன பிடிமானம் இருக்கிறது? கேட்பது ஒன்றே ஒன்றுதான்: தோல்வியைச் சொல்ல வரும் பிள்ளைக்கு வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும். கண்டிப்பு வேறு, கதவடைப்பு வேறு. “ஏன் படிக்கவில்லை” என்று கேட்கலாம். “இந்த வீட்டுப் பக்கம் வராதே”, “உன்னால் தலைகுனிவு”, “உனக்காகச் செத்தது வீண்” என்று சொல்லக் கூடாது. முதல் வாக்கியத்துக்குப் பிள்ளை பதில் சொல்வாள். மற்றவற்றுக்கு அவளிடம் பதில் இல்லை.

பெற்றோருக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டுப் போவது நியாயமல்ல. பழைய மாணவிகளாகிய நமக்கும் இதில் வேலை இருக்கிறது. நாம் எங்கே இருந்தாலும் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, தொலைபேசி. பெறுபேறு வெளியான அன்றே லண்டனிலிருந்தும் ஸ்காபரோவிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் நம் அழைப்புகள் வீட்டுக்குப் பறக்கின்றன. “பிள்ளைக்கு என்ன வந்தது?” என்பதே முதல் கேள்வி. அன்போடு கேட்பதுதான். ஆனால் அந்த வீட்டில் அன்று ஏழாவது தடவையாகக் கேட்கப்படும் கேள்வியாக அது இருக்கலாம். மூன்று நாள் பொறுப்போம். பேசினாலும் பிள்ளையோடு பேசுவோம், பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டாம். “சாப்பிட்டாயா, தங்கச்சி?” என்று தொடங்கினால் மற்றது தானாக வரும். குடும்ப வட்ஸ்அப் குழுவில் பெறுபேற்றுத் தாளைப் படமெடுத்துப் போடும் வழக்கத்தையும் விடுவோம். வென்ற பிள்ளையின் தாள் அங்கே வந்தால், வராத பிள்ளையின் தாள் எங்கே என்ற கேள்வியும் கூடவே வரும்.

இரண்டாவது, நிதி. புலமைப்பரிசில் என்றால் முதலிடம் பெற்றவருக்கு என்பதே வழக்கம். அது இருக்கட்டும். அதோடு, இரண்டாம் தடவை தோற்றும் மாணவிகளுக்கென்று ஒரு நிதி வேண்டும் என்று இந்த நூற்றாண்டு வருடத்தில் சங்கத்திடம் முன்மொழிகிறோம். ஒரு வருட பஸ் காசு, வகுப்புக் காசு, தேவையானால் விடுதிக் காசு. பெண்பிள்ளையின் இரண்டாம் தடவையை வீடு மறுப்பது பெரும்பாலும் காசுக்காகத்தான். காசைச் சங்கம் பொறுப்பேற்றால் அப்பாவோடு பேச வழி பிறக்கும்.

மூன்றாவது, வழிகளை நாமே அறிந்துவைத்திருப்பது. பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி நம் மலையகத்துக்கு எத்தனை ஆசிரியைகளைத் தந்திருக்கிறது என்று இந்த மண்டபமே சொல்லும். தாதியர் பயிற்சி, தொழில்நுட்பக் கல்லூரிகள், என்.வி.கியூ. தகைமையோடு வரும் தொழிற்பயிற்சிகள், திறந்த பல்கலைக்கழகம், வெளிவாரிப் பட்டங்கள் என்று வாசல்கள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் என்ன தகைமை, எப்போது விண்ணப்பம் என்று ஒரே தாளில் எழுதி, பெறுபேறு வருவதற்கு முன்பே பிள்ளைகளின் கையில் கொடுப்போம். தோற்ற பிறகு கொடுத்தால் அது ஆறுதல் பரிசாகத் தெரியும். முன்பே கொடுத்தால் வரைபடமாகத் தெரியும்.

நான்காவது, நம் கதைகளை முழுதாகச் சொல்வது. இம்மலரின் பட்டியலில் இருக்கும் பலர் இரண்டாம் தடவையில் வென்றவர்கள். சிலர் ஒரு துறையில் தவறி வேறு துறையில் நிலைத்தவர்கள். பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினராக வரும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தவறிய வருடத்தை வீட்டில் எப்படிச் சொன்னீர்கள், யார் உங்களுக்காகப் பேசினார்கள் என்று சொல்லுங்கள். இந்நாள் மாணவிக்கு உங்கள் பட்டத்தைவிட அந்தத் தகவல்தான் அதிகம் உதவும்.

ஐந்தாவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆள். அம்மாவிடம் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு சித்தி, ஓர் ஆசிரியை, ஒரு பழைய மாணவி. “வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது, நீங்களும் வாருங்கள்” என்று பிள்ளை அழைத்தால் கூடப் போய் அந்த வீட்டு வாசலில் நிற்கக்கூடியவர். நம் சங்கத்தில் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நுவரெலியா என்று எல்லாப் பக்கமும் நம்மவர் இருக்கிறார்கள். பெறுபேறு வரும் வாரத்தில் யார் யார் தயார் என்று பெயர் கொடுத்தால் போதும்.

இந்நாள் மாணவிகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் ஏற்கனவே ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதைச் சுமந்துகொண்டு இங்கே உட்கார்ந்திருந்தால், தங்கச்சி, இன்று அதைச் சொல்வதுதான் மலிவு. அடுத்த மாதம் இன்னும் கஷ்டமாக இருக்கும். தனியாகச் சொல்ல வேண்டாம். துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். மனம் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். வீட்டில் அடி, துன்புறுத்தல் என்றால் 1929 சிறுவர் உதவி இலக்கம் இருக்கிறது. கனடாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு 988. இந்த இலக்கங்களைப் பெற்றோரும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நம் பாட்டிமார் மடுவத்தில் அரைப் பேர் போட்டபோது வாய் பேசாமல் நின்றார்கள். பிறகு சங்கம் சேர்த்து, குரல் கொடுத்து, நிறுவையைக் கேள்வி கேட்டார்கள். அவர்களுடைய பேத்திகளாகிய நாம் நம் வீட்டுத் தராசையும் ஒருமுறை கேள்வி கேட்கலாம். அடுத்த பெறுபேறு வருவதற்கு முன் இரண்டாம் தடவை நிதிக்கான முன்மொழிவைப் பொதுக்கூட்டத்தில் எடுத்துக்கொள்ளுமாறு தலைவி அவர்களையும் செயற்குழுவையும் கேட்டுக்கொள்கிறோம். பெயர் கொடுக்க விரும்பும் சகோதரிகளுக்காக வாசலில் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம்.